‘தூரமா’ என்று கேட்டிருக்கலாம்

தாண்டிக்குடி ஜீப் ஸ்டாண்டில் காலையில் ஞானவேலின் வாயிலிருந்து வருகிற முதல் சொல் "எங்க?" என்பதுதான். முருகா என்று அதற்கு முன்பே சொல்லியிருப்பான், ஆனால் அது மனசுக்குள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், திரும்பாமலே கேட்டுவிடுவான். பண்ணைக்காடு என்று பதில் வந்தால் நடு சீட்டு. வழியில் ஏதாவது காப்பித் தோட்டத்து கேட்டில் இறங்குகிறவர் என்றால் பின்னால். ஊத்து வரை போய் கொடைக்கானல் பஸ் பிடிக்கிற ஆள் என்றால், மூட்டை முடிச்சு இல்லாதபட்சத்தில், முன்னால். எங்கே என்று தெரியாமல் யாரை எங்கே உட்காரவைப்பது? வருஷக்கணக்காக ஜீப் ஓட்டுகிறவனுக்கு அது கேள்வியே இல்லை. இருமல் மாதிரி, தானாக வருவது.

அந்த இருமலால்தான் அவன் மனைவி ஷர்மிளாவின் அண்ணன் வேல்ராஜ் இரண்டு வருஷமாக அவனோடு பேசவில்லை.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் கெட்டுப்போகும். இது மலையில் எல்லாருக்கும் தெரியும், ஞானவேலுக்கும் தெரியும். கேட்காமல் இருக்கவே முடியாதென்றால், "என்ன, தூரமா?" என்று கேட்கலாம். அதற்கும் பதில் தேவையில்லை. "ஆமா, இப்படித்தான்" என்று கையைக் காற்றில் ஒரு வீசு வீசினால் கேட்டவருக்கு மனசு நிறைந்துவிடும். எப்படித்தான் என்று யாரும் தோண்டமாட்டார்கள். உன்னைப் பார்த்தேன், நீ போவது எனக்குத் தெரியும், நல்லபடியாகப் போய்வா என்பதற்கெல்லாம் சேர்த்து அந்த ஒரு சொல். வெளிநாட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வருகிறவர்கள்தான் இங்கே தடுமாறுவார்கள். தூரமா என்றால் கிலோமீட்டர் சொல்லிவிடுவார்கள். சாப்டாச்சா என்றால் இன்னும் இல்லை என்று உண்மையைச் சொல்லி, சும்மா கேட்டவள் அடுப்பைப் பற்றவைக்கும்படி ஆகிவிடும்.

ஞானவேல் தடுமாறியது கன்னிவாடிக்குப் பெண் பார்க்கக் கிளம்பிய நாளில். பெண் வேல்ராஜுக்கு. வண்டி ஞானவேலுடையது. மாமனார் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, பெண் வீட்டார் முன்னால் மானம் போகக் கூடாதே என்று கண்ணாடியை இரண்டாம் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். நல்ல நேரம் பார்த்து, வலது காலை எடுத்துவைத்து, தேய்த்த வெள்ளைச் சட்டையில் வேல்ராஜ் வெளியே வந்தான். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம்.

"எங்க?" என்றான் ஞானவேல்.

கூட்டிப்போகிறவனே அவன். போகிற ஊருக்கு டீசல் போட்டவனும் அவன். வாசலில் நின்ற அத்தனை பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். வேல்ராஜைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய், உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கிளப்பினார்கள். கன்னிவாடியில் கேசரி நன்றாக இருந்தது, பஜ்ஜி நன்றாக இருந்தது, பெண்ணும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். புறப்படும்போது பெண்ணின் அப்பா கைகூப்பி, "சொல்லி அனுப்புறோம்" என்றார். இல்லை என்பதை இதைவிட மரியாதையாக ஒருவரிடம் சொல்ல முடியாது. பிறகு காற்றுவாக்கில் காரணமும் வந்து சேர்ந்தது. பெண்ணுக்கு மலை வளைவுகளில் ஏறினால் குமட்டுமாம், வருஷத்துக்கு ஒரு தடவை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வாளாம், வாழ்க்கை முழுக்க என்றால் முடியாதாம்.

"வளைவு ஆகாத பொண்ணுக்கு என் வாயி என்ன செய்யும்?" என்பது ஞானவேலின் வாதம். வளைவு காலங்காலமாக அங்கேதான் கிடக்கிறது, எத்தனையோ பெண்கள் ஏறி வந்திருக்கிறார்கள், அன்றைக்கு மட்டும் ஏன் குறுக்கே நின்றது என்பது வேல்ராஜின் வாதம். இரண்டு வாதமும் ஷர்மிளா வழியாகத்தான் போய்வந்தன. முதல் சில நாள் ஞானவேல் இறங்கிப்போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவன் போகவில்லை. அப்புறம் அதற்கென்று ஒரு கௌரவம் வளர்ந்துவிட்டது. யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் தோற்றவர் என்று ஆகிப்போனது.

பேசாமல் இருக்கலாம், ஜீப்பில் ஏறாமல் இருக்க முடியாது. வேல்ராஜின் காப்பித் தோட்டத்து முக்கில் சந்தை நாளில் நிற்கிற வண்டி ஞானவேலுடையது ஒன்றுதான். அதனால் சௌசௌ மூட்டையைப் பின்னால் ஏற்றிவிட்டு, முன் சீட்டில், மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே கியர் கம்பி மட்டும் இருக்கிற மாதிரி உட்கார்ந்து, பண்ணைக்காடு வரை வெளியே பார்த்துக்கொண்டு வருவான். வழியில் பேச வேண்டியது எப்படியும் ஏதாவது இருக்கும். அதற்குத்தான் சிவபாக்கியம் அக்கா இருந்தார்.

சிவபாக்கியம் பண்ணைக்காட்டில் பட்டர் ஃப்ரூட் விற்கிறவர். நடு சீட்டில் உட்கார்ந்து, தலையை மட்டும் இரண்டு பேருக்கும் மத்தியில் நீட்டிக்கொண்டு வருவார். வேல்ராஜ் அவரிடம், மெதுவாகப் போகச் சொல்லுங்கள், மூட்டை உருளுகிறது என்பான். ஒரு கை தூரத்தில் இருக்கிற ஞானவேலுக்கு அது கேட்கும், ஆனால் கேட்காது. அக்கா வாங்கி, கொஞ்சம் சேர்த்து, மறுபக்கம் தருவார். "ஏலே ஞானம், உங்க மச்சான் ஒம்மேல பிரியமா சொல்றாரு. நீ நல்லா இருந்தாத்தான் தங்கச்சி நல்லா இருப்பாளாம். மெதுவா போவியாம்."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்று வேல்ராஜ் ஜன்னலைப் பார்த்துக் கேட்பான்.

"சொன்னதைச் சொல்றதுக்கு நான் எதுக்கு, உங்க ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல?" என்பார் அக்கா. அதற்கப்புறம், மச்சானுக்கு ஒரு டீ வாங்கித் தரணும்னு மாப்ள நினைக்கிறாரு என்று அவராகவே ஒன்றைக் கிளப்பிவிடுவார். பண்ணைக்காட்டில் மூன்று டீ வரும். மூன்றாவது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படியே இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். தாரணியின் முடிதான் நிற்கவில்லை.

தாரணி ஞானவேலின் மகள். மூன்று வயது. பழனியில் முடியிறக்கிக் காது குத்துவதாக அவள் பிறந்தபோதே நேர்ந்துகொண்டது. முடி கண்ணை மறைத்து, உச்சியில் தென்னங்கன்று மாதிரி கட்டினாலும் அடங்காமல், குழந்தை எதைப் பார்ப்பதற்கும் தலையை அண்ணாந்துகொண்டிருந்தாள். கார்த்திகையில் நாள் குறித்தாகிவிட்டது. மொட்டைக்கும் காதுக்கும் மடி தாய்மாமனுடையது. ஷர்மிளாவின் ஒன்றுவிட்ட அண்ணன் யாரையாவது உட்காரவைத்துவிடலாம் என்று ஞானவேல் ஒருநாள் மெல்ல ஆரம்பித்தான். ஷர்மிளா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க அண்ணன் மடியில இல்லாம எம்பிள்ளை காதுல ஊசி படாது. கல்யாணத்துக்கு நிக்கிற வரைக்கும் வெறுங்காதா நின்னாலும் சரி."

அண்ணனிடம் அவள் பேசாமல் இல்லை. போனில் சொன்னாள், நேரிலும் போய்ச் சொன்னாள். அவன் கேட்டது ஒன்றுதான். எந்த வாயி அன்றைக்கு எங்கேன்னு கேட்டதோ, அந்த வாயி வந்து கூப்பிடட்டும். அதில் தப்பும் இல்லை. அழைப்பென்றால் குழந்தையின் அப்பன் வெற்றிலை பாக்கு வைத்து, வாயால் சொல்ல வேண்டும். பத்திரிகை வந்தது, வாட்ஸ்அப் வந்தது, வாய் வரவில்லை என்று வீட்டோடு உட்கார்ந்துவிட்ட பெரிய மனிதர்கள் இந்த மலையில் ஏராளம்.

ஞானவேல் கடைசி முயற்சியாகச் சிவபாக்கியம் அக்காவைப் பிடித்தான். மூட்டை, டீ, மழை, வெயில் எதுவானாலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன், இந்தச் சோலி மட்டும் என்னால் ஆகாது என்று அவர் கையை விரித்துவிட்டார். "அழைப்பு சொந்த வாயிலதான்லே போகணும். நான் கூப்பிட்டா எம்பேத்திக்குக் காது குத்துறதா ஆயிரும்."

ஷர்மிளா அதோடு விடவில்லை. சந்தை நாளில் காலையில் வெள்ளனே எழுந்து, புது வெற்றிலையும் பாக்கும் எடுத்து, ஜீப்பின் முன்தட்டில், ஸ்டியரிங்கிற்கும் முருகன் படத்துக்கும் நடுவே வைத்துவிடுவாள். சாயங்காலம் வாடிய வெற்றிலையை எடுத்து ஆட்டுக்குப் போடுவாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அவள் கேட்காததுதான் ஞானவேலுக்குத் தாங்கவில்லை.

அவன் தொழிலையும் திருத்திப் பார்த்தான். இனி யாரையும் எங்கே என்று கேட்பதில்லை என்று முடிவெடுத்து, ஸ்டாண்டில் ஏறுகிறவர்களையெல்லாம், "என்ன, தூரமா?" என்றான். அவர்களும் முறைப்படி, "ஆமா, இப்படித்தான்" என்று கையை வீசிவிட்டு, ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். யார் எங்கே இறங்க வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை, அவனுக்கும் கேட்க வழியில்லை. தோட்டத்து கேட்டில் இறங்க வேண்டிய இரண்டு பேர் பண்ணைக்காட்டில் இறங்கி, அவனைத் திட்டிக்கொண்டே நடந்து திரும்பினார்கள். மறுநாள் பழையபடி எங்கே என்று கேட்க ஆரம்பித்தான். ஊரே நிம்மதியானது.

வீட்டில் அவனை எங்கே என்று கேட்க ஓர் ஆள் இருந்தது. தினமும் சாவியை எடுக்கும்போது தாரணி அண்ணாந்து, "எங்கப்பா போற?" என்பாள். இவள் கேட்காத நாளில்லை, என் வண்டி கவிழ்ந்தா போச்சு என்று ஞானவேல் மனைவியிடம் மடக்கினான். பிள்ளை கேட்டா சாமி கேட்ட மாதிரி, நீயும் அதுவும் ஒண்ணா என்று அவள் முடித்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு சந்தை நாள். ஸ்டாண்டில் சிவபாக்கியம் அக்கா வந்தார், ஏறவில்லை. சளி என்றார். ஏறாத அவருக்குப் பதிலாக ஒரு சேவலைக் கொண்டுவந்திருந்தார். துணிப்பைக்குள் உடம்பும், பைக்கு வெளியே கழுத்தும் கொண்டையுமாக. பண்ணைக்காட்டில் மகள் வந்து வாங்கிக்கொள்வாள், பின்னால் போட்டால் மூட்டை நசுக்கும், முன்னாலேயே வைத்துக்கொள் என்று கியர் கம்பிக்குப் பக்கத்தில் சொருகிவிட்டுப் போனார். மழைக்குப் பயந்து வேறு யாரும் வரவில்லை. தோட்டத்து முக்கில் வேல்ராஜ் மூட்டையை ஏற்றிவிட்டு, முன்னால் ஏறி, பின்னால் திரும்பிப் பார்த்தான். நடு சீட்டு காலி. முன்னால் பார்த்தான். சேவல் அவனைப் பார்த்தது.

ஒரு மைல் தூரம் யாரும் பேசவில்லை. ரோடெல்லாம் மேகம் இறங்கிக் கிடந்தது.

"பனி ரொம்ப கெடக்கு" என்றான் ஞானவேல் கடைசியில், சேவலிடம்.

சேவல் கழுத்தைச் சாய்த்தது. வேல்ராஜும் அதைத்தான் பார்த்தான். "லைட்டைப் போட்டா நல்லது" என்று அதனிடம் சொன்னான்.

ஞானவேல் லைட்டைப் போட்டான். அக்காவைப் போல இது எதையும் சேர்த்துச் சொல்லவில்லை, அது ஒரு வசதி. அடுத்த வளைவுக்குள் சௌசௌ விலை, காப்பிப் பழத்தில் விழுந்த பூச்சி, ஷர்மிளாவின் முட்டி வலி எல்லாவற்றையும் சேவலிடம் சொல்லி முடித்திருந்தார்கள். இரண்டு வருஷத்தில் அவர்கள் இவ்வளவு பேசியது கிடையாது. ஞானவேலுக்குத் தைரியம் வந்தது. முன்தட்டில் வெற்றிலை இருந்தது. தொண்டையைச் செருமினான்.

"இந்தா பாரு சேவலு, கார்த்திகையில பழனியில பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் அவசியம் வரணும். சொல்லிரு."

வேல்ராஜ் முன்தட்டு வெற்றிலையை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "சேவலைக் கூப்பிட்டா சேவல்தான் வரும்."

ஞானவேலின் காது சூடானது. இதற்கு மேலும் எப்படி இறங்குவது? திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தவன், பிரேக்கை மிதித்தான். ரோட்டின் குறுக்கே ஒரு சில்வர் ஓக் கிளை விழுந்து கிடந்தது. பெரிய கிளை இல்லை, ஆனால் நுனி எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று மேகத்தில் தெரியவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினான். வேறு யாராவது பக்கத்தில் இருந்திருந்தால், பாத்துட்டு வர்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். எதற்கும் உதவாத வார்த்தை, அது இல்லாமல் யாரும் ஒரு வண்டியை விட்டு இறங்குவதில்லை. பேச்சு இல்லாத ஆளிடம் அதை எப்படிச் சொல்வது? கதவைச் சாத்திவிட்டு, கோபத்தோடு, கையில் அரிவாளோடு, கிளையின் நுனியைத் தேடிப் பள்ளத்துப் பக்கம் நடந்தான். நாலு எட்டு வைத்ததும் ஜீப்பின் லைட்டே மங்கிவிட்டது.

பின்னால் கதவு திறக்கிற சத்தம். அப்புறம் ஒரு குரல். பாதி பயம், பாதி அதட்டல்.

"மாப்ள! எங்க போறீங்க?"

ஞானவேல் நின்றான். மேகத்துக்குள் யார் முகமும் தெரியவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான். மச்சான் வாயைத் திறந்துவிட்டான். திறந்து, கேட்கவே கூடாததைக் கேட்டிருக்கிறான். அதை அவனும் இந்நேரம் உணர்ந்திருப்பான், ஏனென்றால் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு ஞானவேல் ஒரு வருஷம் ஆடலாம். ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம். அக்கா கேட்டால் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். அவனுக்கும் சிரிப்பு வாய் வரை வந்தது. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் என்று ஒன்று இருந்தது. அது முன்தட்டில் வெற்றிலையாக வாடிக்கொண்டிருந்தது.

"பழனிக்கு" என்றான்.



"பழனிக்கு அந்தப் பக்கம் ஏன் போறீங்க? அது பள்ளம்."

"காது குத்துக்குப் போறேன், மச்சான். உங்க மருமகளுக்கு. நீங்க முன்ன நின்னு நடத்தணும். உங்க மடி இல்லாம எங்களுக்கு ஆகாது."

சேவலிடம் சொன்னதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இதைச் சொன்னது மச்சானிடம். அரிவாளைக் கீழே வைத்தான். வேல்ராஜ் மேகத்திலிருந்து மெல்ல வெளியே வந்து, கிளையின் இந்தப் பக்க முனையைப் பிடித்தான். இழுங்க என்றான். இருவரும் இழுத்து ஓரத்தில் போட்டார்கள். பாப்போம் என்று சொல்லிவிடுவானோ என்று ஞானவேல் பயந்துகொண்டே இருந்தான். பாப்போம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். வர்றேன் என்றாலும் நம்ப முடியாது, அது வாசலில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை.

வேல்ராஜ் கையைத் தட்டிக்கொண்டு, "பிள்ளைக்குக் கம்மல் எடுக்கவா, தோடா?" என்றான்.

அது வந்துவிட்டான் என்று அர்த்தம்.

வெற்றிலை எங்கே என்று அடுத்து அவனே கேட்டான். அழைப்பென்றால் அழைப்பு, முறை முறைதான். ஞானவேல் ஓடிப்போய் ஜீப்புக்குள் கையை விட்டான். பையிலிருந்து கழுத்தை நீட்டி, முன்தட்டு வரை எட்டி, சேவல் வெற்றிலையைக் கொத்திக் கிழித்திருந்தது. நரம்பும் காம்பும் பாக்கும்தான் மிச்சம்.

"அதையும் கூப்பிட்டுட்டீங்கல்ல, எடுத்துக்கிச்சு" என்றான் வேல்ராஜ். காம்பையும் பாக்கையும் இரண்டு கையாலும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

பண்ணைக்காட்டில் அன்றைக்கு இரண்டு டீதான் வாங்கினார்கள். பேச வேண்டியது எல்லாம் தீர்ந்துபோன மாதிரி இருந்தது. கடைசியில் வேல்ராஜ், "மழை விட்டுரும்போல" என்றான். ஞானவேல், "விட்டுரும்" என்றான். இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

கார்த்திகையில் தாரணி மாமன் மடியில் மொட்டையாகி, காது குத்தும்போது மாமனின் கட்டைவிரலைக் கடித்து வைத்தாள். சிவபாக்கியம் அக்கா அந்தத் தழும்பை ஊரில் எல்லாருக்கும் காட்டச் சொன்னார், அவனும் காட்டினான். பேச்சு திரும்பியதில் அவருக்குத்தான் வேலை போனது. ஜீப்பில் வரும்போது, நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கிட்டா ருசியே இல்ல என்று வருத்தப்பட்டார்.

தை மாதம் வேல்ராஜுக்கு மறுபடியும் ஒரு பெண். இந்தத் தடவை வில்பட்டியில், வளைவிலேயே பிறந்து வளைவிலேயே வளர்ந்தவள். மாமனார் வீட்டு வாசலில் அதே ஜீப். ஷர்மிளா புருஷன் வாயில் ஒரு பெரிய எலுமிச்சை மிட்டாயைப் போட்டு, அண்ணன் ஏறி உட்காருகிற வரை மெல்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கண்ணாடியைத் துடைக்கவும் கூடாது. ஞானவேல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கன்னம் புடைக்க, நேராகப் பார்த்தபடி இருந்தான். வலது காலை எடுத்துவைத்து, வெள்ளைச் சட்டையில் வேல்ராஜ் வெளியே வந்தான். செருப்புச் சத்தம் கேட்டது. மிட்டாய் தொண்டை வரை போய்த் திரும்பியது.

"மாமா, எங்க போற?"

பின் சீட்டிலிருந்து, மொட்டையில் முளைத்த குட்டை முடியும் புதுத் தோடுமாக, தாரணி.

வாசலில் எல்லாரும் உறைந்துபோனார்கள். ஷர்மிளா மகள் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். வேல்ராஜ் ஒரு நிமிஷம் தங்கையைப் பார்த்தான், கன்னம் புடைத்த மாப்பிள்ளையைப் பார்த்தான், பிறகு ஜன்னலருகே குனிந்தான்.

"ஒனக்கு ஒரு அத்தை பாக்கப் போறேன், தாயி" என்றான். "தூரம் இல்ல."